மூன்றரைக் கிலோ மிச்சம்

எங்கள் வீட்டு பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு பை நிற்கிறது. நாய்த் தீனிப் பை. வாங்கும்போது பத்து கிலோ. இப்போது மூன்றரைக் கிலோ பாக்கி. சமையலறைத் தராசில் வைத்தே பார்த்துவிட்டேன். மூன்று வாரமாக அதை யாரும் தொடவில்லை.

லட்டுவுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. லட்டு எங்கள் நாய். ஒரு மழைநாளில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒதுங்கிய குட்டி, அப்படியே மூன்றாவது மாடிக்கு ஏறி வந்துவிட்டது. தெருவில் பிறந்த நாய். அவள் அம்மா குப்பைத்தொட்டியில் என்னவெல்லாம் தின்று இவளுக்குப் பால் கொடுத்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தால், நாலாயிரம் ரூபாய்த் தீனி இவள் வயிற்றைக் கலக்குகிறது என்பது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அவளுக்குச் சிரிப்பில்லை. காதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிவிட்டாள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைப் பிராண்டுவாள். டாக்டர் பார்த்துவிட்டு, "கோழி ஒத்துக்கல போல. வேற மாத்துங்க" என்றார். மாற்றினோம், சரியாகிவிட்டது.

மிச்சத்தை என்ன செய்வது? திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் சொன்னாள்: "ஏல, தெருவுல எத்தன நாய் கெடக்கு. அதுக்குப் போடு. இதுக்காடா இம்புட்டு யோசன?"

யோசனைக்குக் காரணம் உண்டு. போன வருஷம் வேறொரு பையில் இதே மாதிரி மிச்சம் வந்தபோது நான் அதைத்தான் செய்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில், கேட்டுக்கு வெளியே டிரான்ஸ்ஃபார்மர் அடியில் மொத்தத்தையும் கொட்டிவிட்டு வந்தேன். நல்லது செய்கிறவன் ஏன் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்தான் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் செக்யூரிட்டி அண்ணன் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். அவர் தன் டிபன் பாக்ஸிலிருந்து சோறு போட்டு வளர்க்கும் கருப்பி, மணல் குவியல் மேல் துவண்டு கிடந்தது. "யாரோ என்னத்தையோ போட்டிருக்காங்க தம்பி. ராத்திரியெல்லாம் வாந்தி, வயித்தால போவுது" என்றார். "அச்சச்சோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். லிஃப்ட் வந்தது, ஏறிப் போய்விட்டேன்.

கருப்பி பிழைத்துக்கொண்டது. டிரிப்ஸ் ஏற்றினார்கள். செலவை அவர்தான் கொடுத்தார். இந்தக் கட்டுரை அந்த லிஃப்டில்தான் தொடங்கியது என்று சொல்லலாம். ஒரு நாய்க்கென்று கடையில் தனியாக உணவு விற்கிறார்கள், அது மிச்சமாகிறது, அந்த மிச்சத்தை என்ன செய்வது என்று ஒருவன் முழிக்கிறான். இந்த நிலைமை எப்போதிலிருந்து வந்தது?

*

ஆச்சி வீட்டில் மிச்சத்துக்கு ஒரு வரிசை இருந்தது. முதல் சோறு காக்காவுக்கு. அது மிச்சமே இல்லை, யாரும் கை வைக்காதது. அரிசி களைந்த தண்ணியும் காய்கறித் தோலும் கழனித்தொட்டிக்குப் போய் மாட்டுக்குச் சேரும். ராத்திரி மீந்த சோற்றில் தண்ணி ஊற்றினால் காலையில் பழையது, அது மனிதர்களுக்கு. குழம்பு மிச்சம் சுண்டச் சுண்ட மறுநாள் இன்னும் ருசி. இலையில் ஒதுக்கியது, எலும்பு, சட்டியில் ஒட்டியது எல்லாம் கடைசியாக நாய்க்கு. நாய்க்கென்று உலை வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த வரிசையில் ஒரு மனுஷியும் இருந்தாள். பாத்திரம் விளக்க வரும் அக்கா. அவளுக்குத் தனி ஈயத் தட்டு, பின்வாசலில். அவளுக்குப் போவது மிச்சமா, எச்சிலா என்பதில் ஆச்சி கண்டிப்பாக இருந்தாள். எச்சில் கொடுக்க மாட்டாள், மிச்சம் கொடுப்பாள். ஆச்சிக்கு அது தர்மம். ஆனால் கெட்டுப்போக ஆரம்பித்த குழம்பு ஒருமுறை அந்தத் தட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். ஆச்சி முகர்ந்து பார்த்தாள், ஒரு நொடி யோசித்தாள், பிறகு ஊற்றினாள். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அந்த ஒரு நொடி இன்னும் மறக்கவில்லை.

தமிழில் மிச்சம், மீதி, எச்சில், எச்சம் எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சொற்கள். பத்தாம் வகுப்பில் பெயரெச்சம், வினையெச்சம் படித்தோமே, அங்கே எச்சம் என்றால் முடிவு பெறாமல் நிற்கும் வினை. 'வந்து' என்று சொல்லி நிறுத்த முடியாது. 'வந்து போனான்' என்று இன்னொரு சொல் வந்து முடித்துவைக்க வேண்டும். மிச்சமான உணவும் அப்படித்தான். யாராவது முடித்துவைக்க வேண்டும். யார் என்பதுதான் கேள்வி.

*

கடை நாய்த் தீனியின் கதை பெரும்பாலும் லண்டனில் தொடங்குகிறது. அதற்கு முன்னும் நாய்க்கு யார் சோறு போடுவது என்பது சண்டைக்குரிய விஷயமாகவே இருந்தது. 1796இல் பிரிட்டன் நாய் வரி கொண்டுவந்தது. தானியம் தட்டுப்பாடாக இருந்த காலம். ஏழைகள் உண்ணக்கூடியதை நாய்கள் தின்கின்றன என்பது வரி கேட்டவர்களின் வாதங்களில் ஒன்று. ஜான் டென்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதற்காக அவ்வளவு பாடுபட்டதில், 'நாய் டென்ட்' என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் பூனை நாய்களுக்கு இறைச்சி விற்கத் தெருத் தெருவாகத் தள்ளுவண்டிக்காரர்கள் போனார்கள். ஹென்றி மேஹியூ 1851இல் வெளியிட்ட லண்டன் உழைப்பாளிகள் பற்றிய பெரிய ஆவணத்தில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் விற்றது குதிரை இறைச்சி. நகரமே குதிரையால் ஓடிய காலம் அது. உழைத்து ஓய்ந்து விழுந்த குதிரைகளை அறுக்கும் கூடங்களில் வாங்கி, வேகவைத்து, துண்டு போட்டு, குச்சியில் குத்தி விற்றார்கள். நகரத்தின் மிச்சத்தை நகரத்தின் நாய்களும் பூனைகளும் முடித்துவைத்தன.

இந்த லண்டனுக்குத்தான் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்தார். ஒஹையோவிலிருந்து வந்தவர், இடிதாங்கி வியாபாரி. துறைமுகத்தில் கப்பல்காரர்கள் தூக்கிப்போட்ட கல் மாதிரியான பிஸ்கட்டை நாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கம்பெனிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் எல்லாப் பிறப்புக் கதைகளையும் போல இதையும் பாதி நம்பினால் போதும். பிறகு நடந்தது கதையல்ல. 1860களில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், காய்ந்த மாட்டிறைச்சி கலந்து நாய் கேக் செய்து விற்க ஆரம்பித்தார். அமெரிக்கப் புல்வெளி மாடுகளின் இறைச்சி என்று விளம்பரம். வேட்டைநாய் வைத்திருக்கும் சீமான்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

துறைமுகக் கதை பாதிப் பொய்யாகவே இருந்தாலும் அதில் ஒரு விஷயம் முக்கியம். கப்பலின் மிச்சத்தை நாய் இலவசமாகத் தின்றுகொண்டிருந்தது. அதையே புதிதாகச் செய்து, அச்சுக் குத்தி, விலை வைத்தார்கள். மிச்சம் சரக்கானது.

கம்பெனியில் இளைஞனாகச் சேர்ந்த ஒருவர் பெயர் சார்லஸ் க்ரஃப்ட். பிஸ்கட் விற்க ஊர் ஊராகச் சுற்றி நாய் வளர்ப்பவர்களையெல்லாம் பழக்கம் பிடித்தார். 1891இல் லண்டன் இஸ்லிங்டனில் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி நடத்தினார். இன்றும் நடக்கும் 'க்ரஃப்ட்ஸ்' அதுதான். உயர்ந்த ஜாதி நாய்க்கு உயர்ந்த சாப்பாடு என்ற எண்ணமும் அதை விற்கும் வியாபாரமும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. ஸ்ப்ராட்டின் தொழிற்சாலைக் கட்டடம் கிழக்கு லண்டனில் கால்வாய் ஓரமாக இன்னும் நிற்கிறது. இப்போது உள்ளே குடியிருப்புகளும் ஸ்டூடியோக்களும்.

இன்னொரு பக்கம், 1860இலேயே மேரி டீல்பி என்ற பெண்மணி லண்டன் ஹாலோவேயில், தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கு ஒரு தற்காலிக இல்லம் தொடங்கினார். மனிதர்கள் பட்டினி கிடக்கும்போது நாய்க்கு இல்லமா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்த இல்லம்தான் பின்னாளில் புகழ்பெற்ற பேட்டர்ஸீ நாய்கள் காப்பகம். பிஸ்கட் கம்பெனியும் காப்பகமும் ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தன.

*

அமெரிக்காவில் அடுத்த அத்தியாயம் மறுபடியும் குதிரையில் தொடங்குகிறது. முதல் உலகப்போர் முடிந்தது. காரும் டிராக்டரும் வந்தன. குதிரைகள் உபரியாயின. 1922இல் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டில் சாப்பல் சகோதரர்கள் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து 'கென்-எல் ரேஷன்' என்று விற்றார்கள். மேற்கின் காட்டுக் குதிரைகள் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கப்பட்டு ரயிலேறின. ஒரு காலத்தின் வேலைக்காரர்களை அடுத்த காலத்தின் செல்லங்கள் தின்றன. சாஃப்ட்வேரில் பழைய சிஸ்டத்தை 'ரிடயர்' செய்கிறோம் என்று நாங்கள் நாசூக்காகச் சொல்வோம். ராக்ஃபோர்டில் ரிடயர்மெண்ட் டின்னில் வந்தது.

பிறகு இரண்டாம் போர். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 1939 செப்டம்பரில் பிரிட்டன் போரை அறிவித்ததும் மக்கள் தங்கள் நாய்களையும் பூனைகளையும் தூக்கிக்கொண்டு மருத்துவர்களிடமும் காப்பகங்களிடமும் வரிசையில் நின்றார்கள், கருணைக்கொலைக்காக. லண்டனில் மட்டும், முதல் வாரத்திலேயே, சுமார் 4 லட்சம் என்கிறார் இதை ஆராய்ந்து நூல் எழுதிய வரலாற்றாசிரியர் ஹில்டா கீன். அப்போது லண்டன் மீது ஒரு குண்டுகூட விழவில்லை. செல்லப் பிராணிக்கு ரேஷன் கிடையாது. என்ன சோறு போடுவோம் என்ற பயமும் மற்றப் பயங்களோடு சேர்ந்துகொண்டது. 1940இல் உணவை வீணாக்குவதே குற்றமானது, மனிதர் உண்ணத்தக்கதை விலங்குக்குப் போடுவது உட்பட. தெருமுனைகளில் பன்றித் தொட்டிகள் வைத்தார்கள். வீட்டுக் கழிவைப் போட்டால் வேகவைத்துப் பன்றிக்குக் கொடுப்பார்கள். டாட்டன்ஹாம் பகுதியில் அப்படி வெந்த கூழுக்கு 'டாட்டன்ஹாம் புட்டிங்' என்றே பெயர். ஆச்சியின் கழனித்தொட்டிதான், சர்க்கார் முத்திரையோடு.

போரில் டின் தகரமும் இறைச்சியும் ராணுவத்துக்குப் போனதால், அமெரிக்கக் கம்பெனிகள் உலர் தீனிக்குத் திரும்பின. 1950களில் காலை உணவுத் தானியம் பொரிக்கும் எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தை நாய்ப் பக்கம் திருப்பினார்கள். நம்ம ஊர் முறுக்குக் குழல்தான், ஆனால் பயங்கர அழுத்தம், சூடு. மாவுக் கலவை துளை வழியே வெளியே வரும்போது பட்டென்று உப்பிக்கொள்ளும். 1957இல் பூரினா இப்படிச் செய்த தீனியைக் கடைக்குக் கொண்டுவந்தது. என் பால்கனிப் பையில் இருப்பதும் அதன் பேரக்குழந்தைதான். வெறுமனே கொடுத்தால் நாய் அவ்வளவாகச் சீண்டாது என்பதால் மேலே கொழுப்பும், ஈரல் மாதிரியானவற்றைக் கரைத்த சாறும் தெளிப்பார்கள். பையைத் திறந்ததும் வரும் வாசனை அதுதான். திறந்து நாளானால் முதலில் கெடுவதும் அந்தக் கொழுப்புதான்.

வாங்க வைக்க வேண்டுமே! 1958இல் அமெரிக்காவில் தீனிக் கம்பெனிகள் சங்கம் வைத்தன. நாய்க்கு மேசை மிச்சம் போடாதீர்கள், அது நல்லதல்ல என்று பிரச்சாரம் நடந்தது. அதில் உண்மையும் உண்டு. வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான வருஷமாக நாயை நாயாக்கியது எதுவோ, அதுவே ஒரு தலைமுறைக்குள் கெட்ட பழக்கமாகிவிட்டது.

நாயை நாயாக்கியது மிச்சம்தான் என்பது சும்மா சொல்வதல்ல. மனிதக் குடியிருப்பின் குப்பைமேட்டைச் சுற்றிய ஓநாய்கள்தான் மெல்ல நாயாயின என்பது ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் வைத்த வாதம். அதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் 2013இல் 'நேச்சர்' இதழில் எரிக் அக்ஸல்சன் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காட்டியது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை. நம்முடைய சோறும் கஞ்சியும் ரொட்டியும் நாயின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கின்றன.

*

இதுவரை மனிதரின் மிச்சம் நாய்க்குப் போன கதை. நாயின் மிச்சம் எங்கே போகிறது?

2007 மார்ச் 16. கனடாவின் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் 6 கோடிக்கும் மேற்பட்ட டின்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற்றது. அமெரிக்கா முழுக்க நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் புகார்கள். மலிவு பிராண்டு, விலையுயர்ந்த பிராண்டு என்று பார்க்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் அந்தப் பட்டியலில் வந்தன, ஏனென்றால் எல்லாம் ஒரே நிறுவனத்தில் தயாரானவை. எங்கள் தொழிலில் 2016இல் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரி நிரலை ஒருவர் நீக்கியதும் உலகெங்கும் புராஜெக்டுகள் படுத்தன. அதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

காரணம் மெலமைன். பிளாஸ்டிக் தட்டு செய்யும் ரசாயனம். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் கலந்திருந்தார்கள். உணவில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுவார்கள். 1883இல் கோபன்ஹேகனில் யோஹான் க்யெல்டால் கண்டுபிடித்த முறை அது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கொஞ்சம் தூவினால் போதும், மட்டமான மாவு நல்ல புரதமாகத் தேர்வாகிவிடும்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இதற்கு அடுத்த பகுதியில். நாய்த் தீனித் தொழிற்சாலையில் உடைந்தது, கருகியது, வடிவம் கோணியது எல்லாம் மிச்சமாகும். அதைக் குப்பையில் போடுவதில்லை, பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாக விற்பார்கள். வழக்கமான ஏற்பாடு. ஏப்ரலில் அதிகாரிகள் அந்தத் தடத்தைப் பிடித்துப் போனார்கள். பல மாநிலங்களில் சுமார் 6,000 பன்றிகள் நிறுத்திவைக்கப்பட்டன. இந்தியானாவில் அந்தத் தீவனம் தின்ற 25 முதல் 30 லட்சம் கோழிகள் ஏற்கெனவே விற்பனையாகிவிட்டிருந்தன. மனிதர்களுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு என்று அரசு மதிப்பிட்டது. சரி. ஆனால் மனிதரின் மிச்சம் நாய்க்கு, நாயின் மிச்சம் கோழிக்கு, கோழி மறுபடி மனிதருக்கு என்று ஒரு சுற்று முடிந்துவிட்டது. அடுத்த வருஷம், 2008இல், அதே மெலமைன் சீனக் குழந்தைகளின் பால்பவுடரில் வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 பேர் இறந்தார்கள். நாய்களும் பூனைகளும் ஒரு வருஷம் முன்பே சொல்லிவிட்டுப் போன செய்தி அது.

பன்றித் தொட்டியின் கதையும் நல்லபடியாக முடியவில்லை. 2001இல் பிரிட்டனில் கோமாரி பரவியது. வேகவைக்காத உணவு மிச்சத்தைப் பன்றிக்குப் போட்ட ஒரு பண்ணையில்தான் தொடங்கியது என்று விசாரணை சொன்னது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அந்த வருஷமே அங்கே உணவு மிச்சத்தைப் பன்றிக்குப் போடுவதைத் தடை செய்தார்கள்.

இரண்டு கதையிலும் குற்றம் மிச்சத்தைக் கொடுத்ததல்ல. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது என்ன, எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன ஆனது என்ற தகவல் அறுந்துபோய், பொருள் மட்டும் நகர்ந்ததுதான் குற்றம். மிச்சத்தை அதன் வரலாற்றிலிருந்து பிரித்துக் கொடுப்பது. ஆச்சியின் ஒரு நொடி. டிரான்ஸ்ஃபார்மர் அடியில் என் ராத்திரி பதினொரு மணி.

*

மறுபடி டாக்டரிடம் போனேன், இந்த முறை லட்டு இல்லாமல். போன வருஷம் கருப்பிக்கு நடந்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஒத்துக்கல வேற, கெட்டுப்போச்சு வேற. உங்க பொண்ணுக்குக் கோழி ஆகாது, அவ்வளவுதான். இன்னொரு நாய்க்கு இதே தீனி ஜோரா இருக்கும். ஆனா சோறே சாப்பிட்டுப் பழகின நாய்க்குத் திடீர்னு இந்தக் கொழுப்பைக் குவியலாக் கொட்டினா வயிறு தாங்காது. ஒரு வாரம் பத்து நாள் பழைய சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா கலந்துதான் மாத்தணும். திறந்த பைன்னா ஒரு ஆறு வாரத்துக்குள்ள முடிச்சிடணும். காறல் வாசனை வந்தா யாருக்கும் வேண்டாம்" என்றார். கடைசியில், "பையை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. பேட்ச் நம்பர் அதுலதான் இருக்கும்" என்றார்.

நான் வந்து செய்தது பெரிய புரட்சி எதுவுமில்லை. பையிலிருந்து எப்போதோ டப்பாவில் கொட்டிவைத்திருந்த கொஞ்சத்தை முகர்ந்தேன். பழைய எண்ணெய் வாசனை. அதை நன்றாகக் கட்டி, எந்த நாயும் கிழிக்காதபடி, குப்பை எடுக்க வரும் அக்காவின் கையிலேயே கொடுத்து என்னவென்றும் சொன்னேன். சி பிளாக்கில் ஒரு லேப்ரடார் இதே பிராண்டு சாப்பிடுகிறான். அவன் வீட்டுக்காரரிடம், வாங்கிய தேதி, திறந்த தேதி, எங்கள் நாய்க்கு என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிப் பையிலேயே ஒட்டிக் கொடுப்பதாகச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். "பரவால்ல, குடுங்க" என்றார்.

பிறகு கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி அண்ணன் ரிஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி அடியில் கருப்பி தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, போன வருஷம் கருப்பிக்கு உடம்பு சரியில்லாமப் போச்சே. அன்னிக்கு ராத்திரி டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட தீனி கொட்டினது நான்தான்."

அவர் ஸ்கேலை எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் கருப்பியைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி. டாக்டரு என்ன சாப்பிட்டுச்சு, என்ன சாப்பிட்டுச்சுன்னு பத்து வாட்டி கேட்டாரு. எலி மருந்தா இருக்குமோன்னு வேற பயமுறுத்திட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. "பரவால்ல வுடுங்க" என்றவர், நான் திரும்பும்போது கூப்பிட்டார். "அந்தத் தீனி மிச்சம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா அதை சி பிளாக்ல கேட்டிருக்காங்க."

"அதுல ரெண்டு டம்ளர் குடுங்க. சோத்துல பிசைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாக்குறேன். எப்படிக் குடுக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

நின்று, டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொன்னேன்.